ஜாக் 2 பாசிட்டிவ், ஃபண்டஸ் வேரிசஸ் ரத்தக்கசிவு: மண்ணீரலை எடுப்பதா?

கேள்வி:
48 வயதுப் பெண், ரத்த வாந்தி. ஜாக் 2 மரபணு மாற்றம் (எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை அளவுக்கு மீறி உண்டாக்கும் நோயின் அடையாளம்) பாசிட்டிவ். உணவுக்குழாயில் ஒன்றுமில்லை, ஃபண்டஸில் (இரைப்பையின் மேல்பகுதி) மட்டும் பெரிய வேரிசஸ் (புடைத்த சிரைகள்). சிரோசிஸ் (கல்லீரல் சுருக்கம்) இல்லை. சி.டி.யில் மண்ணீரல் சிரை அடைத்திருக்கிறது, கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் சிரை திறந்திருக்கிறது. ஹீமோகுளோபின் 8, பிளேட்லெட் 5.2 லட்சம். சர்ஜன் மண்ணீரலை எடுத்துவிடலாம் என்கிறார். க்ளூ (வேரிசஸை அடைக்கும் மருத்துவப் பசை) போதாதா சார்?

பதில் (இரைப்பை குடல் பிரிவு):
முதலில் ரத்தம் நிற்கட்டும். சிரை அழுத்தத்தைக் குறைக்கும் ஆக்ட்ரியோடைட் 50 மைக்ரோகிராம் போலஸ் (ஒரே தடவையாக), பிறகு மணிக்கு 50. அதே வேலைக்கான டெர்லிப்ரெசின் இங்கே வேண்டாம். எளிதில் உறையும் ரத்தத்தில் குடல் இஸ்கீமியா (ரத்த ஓட்டக் குறைவு) பயம். ரத்தக்கட்டு கரையாமல் தடுக்கும் டிரானெக்ஸாமிக்கும் வேண்டாம்: 2020 ஹால்ட்-இட் ஆய்வில் இறப்பு குறையவில்லை, சிரை உறைவுதான் கூடியது. ஹீமோகுளோபின் 7-8 போதும், அதிகம் ரத்தம் ஏற்றினால் அழுத்தம் ஏறி மறுபடி கசியும்.

பேண்ட் (ரப்பர் வளையம்) போடாதீர்கள், க்ளூதான். 0.5 மி.லி. சைனோஅக்ரிலேட் பசையோடு 0.5-0.8 மி.லி. லிபியோடால் எண்ணெய். லிபியோடால் கூடினால் பசை தாமதமாக உறைந்து நுரையீரலுக்குப் போகும். குறைந்தால் ஊசிக்குள்ளேயே இறுகும். ஊசியின் உள்ளளவுக்கு டிஸ்டில்ட் வாட்டர் தள்ளியதும் உடனே ஊசியை உருவுங்கள். தாமதித்தால் ஒட்டிக்கொண்டு, இழுக்கும்போது வேரிக்ஸ் கிழியும். சி.டி.யில் கேஸ்ட்ரோரீனல் ஷன்ட் (இரைப்பைச் சிரைகளுக்கும் சிறுநீரகச் சிரைக்கும் இடையே இணைப்பு) இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். பெரிதாக இருந்தால் இ.யு.எஸ். (எண்டோஸ்கோப் முனையில் அல்ட்ராசவுண்ட்) வழியாக முதலில் உலோகச் சுருள் (coil), அப்புறம் க்ளூ.

பதில் (ரத்தவியல்):
ஹீமோகுளோபின் 8-ஐப் பார்த்து பாலிசைதீமியா (சிவப்பணுக்கள் மிகுதியாகும் நோய்) இல்லை என்று எழுதிவிடாதீர்கள். ரத்தக்கசிவும் இரும்புச்சத்துக் குறைவும் அதை மறைக்கும். இரும்பு கொடுத்தால் ஹீமடோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) பாய்ந்து ஏறலாம். வாராவாரம் பாருங்கள், 45 சதவீதத்துக்குக் கீழேயே வையுங்கள். எலும்பு மஜ்ஜை பயாப்ஸி அவசியம்.

மண்ணீரல் சிரை அடைப்பால் வரும் இடப்பக்க அழுத்தத்துக்கு மண்ணீரலை எடுப்பது நல்ல சிகிச்சைதான், ஆனால் இந்த நோயில் எடுத்த பிறகு பிளேட்லெட் 10 லட்சத்தைத் தாண்டலாம், போர்ட்டல் சிரையும் அடைக்கலாம். க்ளூ தோற்றால் மண்ணீரல் தமனி எம்போலைசேஷனை (தமனியை உள்ளிருந்தே அடைப்பது) முதலில் யோசியுங்கள். அறுவைதான் என்றால், முன்பே ஹைட்ராக்ஸியூரியா மாத்திரையால் பிளேட்லெட்டை 4 லட்சத்துக்குக் கீழே கொண்டுவாருங்கள். மண்ணீரல் போனால் கிருமித்தொற்று பயம், அதனால் நிமோகாக்கல், மெனிங்கோகாக்கல், ஹிப் (Hib) தடுப்பூசிகளை 2 வாரம் முன்பே போட்டுவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி சார். டிப்ஸ் (TIPS, போர்ட்டல் அழுத்தம் குறையக் கல்லீரலுக்குள் வைக்கும் குழாய்) உதவுமா? ஆன்டிகோயாகுலன்ட் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) எப்போது?

பதில் (இரைப்பை குடல் பிரிவு):
டிப்ஸ் உதவாது, போர்ட்டல் சிரையில் அழுத்தமே ஏறவில்லை. எண்டோஸ்கோப் வழியாக மழுங்கிய முனையால் தொட்டு வேரிக்ஸ் கல்லாக இறுகியதை உறுதி செய்த பிறகே ஆன்டிகோயாகுலன்டான ஹெபாரின் தொடங்குங்கள். கசிந்தால் உடனே நிறுத்த வசதியாக, தொடர் இன்ஃப்யூஷனாகவே கொடுங்கள். ஆஸ்பிரினை அதோடு சேர்க்க வேண்டாம்.