புதுப்பிப்பு: நிலுவையில் நின்ற தைலப் பணம் வந்துவிட்டது

சென்ற ஆண்டு இங்கே கேட்டிருந்தேன்: கோத்தகிரியில் யூகலிப்டஸ் தைலம் காய்ச்சுகிறோம், மொத்த வியாபாரி ஒருவர் 4.6 லட்சம் ரூபாயை நிறுத்திவைத்துவிட்டார். ஒப்பந்தத்திலோ ‘நடுவரை வாங்குபவரே நியமிப்பார்’ என்று இருக்கிறது, என்ன செய்வது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது வக்கீல் அக்காவின் யோசனை: குறு, சிறு தொழில்களுக்கான வசதியாக்க மன்றம், அதாவது நிலுவைப் பணத் தகராறைத் தீர்க்கும் அரசு அமைப்பு. 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம், 18ஆவது பிரிவு. அரசின் ‘சமாதான்’ இணையதளத்தில் மனு போட்டோம். ஒப்பந்தத்தில் வேறு நடுவர் ஏற்பாடு இருந்தாலும் இந்த வழி அடைபடாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்லியிருக்கிறது. சரக்கு அனுப்பும் முன்பே உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) செய்திருந்தது நல்லதாகப் போயிற்று.

முதலில் சமரசப் பேச்சு. எதிர்த்தரப்பு இரண்டு முறையும் வரவில்லை. அப்புறம் மன்றமே நடுவராக இருந்து விசாரித்தது. சட்டம் 90 நாள் என்கிறது. எங்களுக்குப் பதினொரு மாதம்.

எதிர்பாராதது, சரக்கு போனதற்கு ஆதாரமான எடைச்சீட்டு. தெர்மல் தாள், மலை ஈரத்தில் வெள்ளையாகிவிட்டது. டிரைவர் தம்பி வைத்திருந்த கார்பன் செலானில், தைலக் கறைக்கு நடுவே, சரக்கு வாங்கியவர் கையெழுத்து பளிச்சென்று இருந்தது. அதுதான் காப்பாற்றியது.

பணம் தர 45 நாளைத் தாண்டினால் வட்டி, ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. அதை எதிர்த்து கோர்ட்டுக்குப் போக தீர்ப்புத் தொகையில் 75 சதவீதம் கட்ட வேண்டும் என்றதும் அவர்களே போன் செய்தார்கள். அசல் முழுவதும், வட்டியில் பாதியும் வாங்கிக்கொண்டோம். முழு வட்டிக்கும் பிடிவாதமாக நில் என்ற அண்ணன் மன்னிக்கவும், அடுத்த முறை தைலம் காய்ச்சத் தழை வாங்க வேண்டியிருந்தது.