மின்பாடு: ‘திறன் காரணி’க்கு ஒரு மாற்று

வணக்கம்.

ஒரு மின்நிலையம் முழுவீச்சில் ஓடினால் தரக்கூடிய மின்சாரத்தில் உண்மையில் தருவது எத்தனை பங்கு என்று சொல்வது ‘கெப்பாசிட்டி ஃபேக்டர்’. அதற்குத் தமிழில் ‘திறன் காரணி’ போதும் என்கிறார் புதுச்சேரி நண்பர். எனக்கு ஒப்பவில்லை. பிளஸ் டூ இயற்பியலில் பவர் ஃபேக்டர் என்ற வேறோர் அளவுதான் திறன் காரணி. பவரும் திறன், கெப்பாசிட்டியும் திறன், எஃபிஷியன்சி பயனுறுதிறன். பாவம், அந்தத் திறன் எத்தனையைத்தான் சுமக்கும்?

அணுமின்சாரமா, சூரியமின்சாரமா என்ற வாதத்தில் இந்தச் சொல் இல்லாமல் கை ஒடிந்த மாதிரி இருக்கிறது. 2030க்குள் மின் நிறுவுதிறனில், அதாவது நிலையங்கள் முழுவீச்சில் தரக்கூடிய மெகாவாட்டில், பாதியாவது நிலக்கரி, எரிவாயு போன்றவற்றைச் சாராததாக இருக்கும் என்பது இந்தியா கொடுத்த வாக்கு. 2025லேயே அந்தப் பாதி வந்துவிட்டது. ஆனாலும் கம்பியில் வருகிற மின்சாரத்தில் பாதிக்கு மேல் இன்னும் நிலக்கரியின் உபயம்தான். நம்ம நெய்வேலிக்கும் ஓய்வில்லை. இலக்கு எண்ணுவது மெகாவாட்டை. நாம் பணம் கட்டுவது யூனிட்டுக்கு.

1,000 மெகாவாட் நிலையம் ஆண்டு முழுக்க முழுவீச்சில் ஓடினால் 876 கோடி யூனிட். அணு உலை அதில் 80 விழுக்காடு தந்தால் ஏறக்குறைய 700 கோடி. சூரியப் பலகை 20 விழுக்காடு தந்தால் 175 கோடி. அந்த 80க்கும் 20க்கும்தான் பெயர் தேடுகிறோம்.

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் படகு திரும்பினால் முதல் கேள்வி, “மீன்பாடு எப்படி?” பத்து டன் பிடிக்கும் படகாகவே இருக்கட்டும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் கரையில் கிடக்கும். மற்ற நாளில் கடல் கொடுத்ததுதான் கணக்கு. மீன்பாடு போல மின்பாடு. விழுக்காட்டில் சொல்ல மின்பாட்டு விகிதம்.

காட்டுமன்னார்கோயில் பக்கத்து உறவினர் ஒருவர் ‘கண்டுமுதல்’ என்றார். அழகான சொல், விடவே மனமில்லை. ஆனால் அது அறுத்தடித்த நெல்லைக் களத்தில் அளப்பது. இதுவோ நொடிக்கு நொடி ஓடுவது. ‘பயன்பாட்டுக் காரணி’ வேண்டாம். கேட்டதும் நுகர்வு என்றுதான் தோன்றும்.

பாடு என்றால் துன்பமும் ஆயிற்றே என்பீர்கள். இருக்கட்டும், மீனவர் அதற்காகச் சொல்லை மாற்றிக்கொள்ளவில்லை. எனக்குள்ள பயமெல்லாம் தட்டச்சுப் பிழைதான். ஒரு நெடில் தவறினால் மின்வாரிய அறிக்கையில் மீன் நீந்தும்.

மின்பாடு கூடுதல் என்பதாலேயே அணு ஜெயித்துவிட்டது என்று யாரும் எழுதிவிட வேண்டாம். கூடங்குளத்தில் 2002ல் கட்டத் தொடங்கிய முதல் உலை 2013ல்தான் மின்சாரம் தந்தது. அந்தப் பதினோரு ஆண்டு மின்பாட்டில் தெரியாது. மாலை ஏழு மணிக்குச் சூரியப் பலகை கைவிரிப்பதும் தெரியாது. பின்னதற்கு ‘இடைவிட்ட மின்சாரம்’ என்று ஓரிடத்தில் பார்த்தேன்; மின்வெட்டு மாதிரி ஒலிக்கிறது. வேறு சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.