ஹட்டன்ல இருந்து கோயம்புத்தூருக்குப் படிக்கப் போற பிள்ளை: எங்கெங்க சிக்கல் வரும்?

மல்லியப்பு சந்தி:

வணக்கம். தங்கச்சிக்கு கோயம்புத்தூர்ல டிகிரிக்கு இடம் கெடைச்சிருக்கு. ஜூலை கடைசியில பயணம். கட்டுநாயக்கவில காலை 7 மணி ஃப்ளைட், சென்னையில இறங்கி அங்கிருந்து கோவை போகணும். மூணு விஷயம் தெரியணும்.

1. மழைக்காலத்துல ஹட்டன்ல இருந்து எத்தனை மணிக்குக் கிளம்புறது? முதல் நாள் ராத்திரி 11 மணிக்கு வேன் போதும்னு வீட்டுல சொல்றாங்க.
2. பிறப்புச் சான்றிதழ்ல அப்பா பேர் தனியா இருக்கு, பிள்ளை பேர் ஒத்தைப் பேர். பாஸ்போர்ட்ல ரெண்டும் சேர்ந்து வந்திருக்கு. ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) சான்றிதழ்ல இனிஷியல் மட்டும், ஸ்பெல்லிங்கும் வேற. பிரச்சினை ஆகுமா?
3. இந்தியாவுல இறங்கினதும் எங்க பதியணும்?

பெரியம்மா மகன் மலேசியா போறான். அதுக்கும் யாராவது ரெண்டு வரி சொன்னா நல்லது.

வட்டவளை மூடுபனி:

11 மணி வேன் வேண்டாம். காய்ஞ்ச நாள்ல ஹட்டன் – கினிகத்தேனை – கித்துல்கல – அவிசாவளை வழியா நாலரை, அஞ்சு மணி நேரத்துல கட்டுநாயக்க போயிடலாம், கணக்கு சரியாத்தான் இருக்கும். ஜூலை தென்மேல் பருவக்காத்து நேரம். வட்டவளை, கினிகத்தேனை பக்கம் நாட்டிலேயே அதிகமா மழை கொட்டுற இடம். ராத்திரியில மூடுபனி இறங்கிட்டா வேன் மணிக்கு 15, 20 கிலோமீட்டர்தான் ஊரும். ஒரு மண்மேடு சரிஞ்சாலோ ஒரு மரம் விழுந்தாலோ ரோட்டைத் திறக்கிற வரைக்கும் அங்கேயே கிடக்கணும். ராத்திரியில மெஷின் வந்து சேரவே நேரமாகும்.

முதல் நாள் வெளிச்சத்திலேயே கிளம்பி நீர்கொழும்பிலயோ, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை சொந்தக்காரங்க வீட்டிலயோ தங்குங்க. கிளம்ப ரெண்டு நாளைக்கு முன்னாடி இருந்தே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் போடுற மண்சரிவு அறிவிப்பைப் பாருங்க. மஞ்சள்னா கவனமா இருக்கணும், செம்மஞ்சள்னா எந்த நேரமும் வெளியேறத் தயாரா இருக்கணும், சிவப்புன்னா வெளியேறணும். அம்பகமுவ, நோர்வூட் பக்கம் செம்மஞ்சள் வந்தாலே பயணத்தை ஒரு நாள் முன்னுக்கு எடுத்துடுங்க. ரோடு அடைபட்டிருக்கான்னு கேக்க அனர்த்த முகாமைத்துவ நிலையத்தோட 117 நம்பர் இருக்கு. கினிகத்தேனை அடைபட்டா தலவாக்கலை – பூண்டுலோயா – கொத்மலை – கம்பளை வழியா கண்டிக்கு இறங்கி, அங்கிருந்து நீர்கொழும்பு பஸ் எடுக்கலாம். சுத்துதான், ஆனா அது மலையோட வேற பக்கம்.

கோச்சியை (ரயிலை) மட்டும் நம்பிப் போக வேண்டாம். மழைக்கு முதல்ல நிக்கிறது அதுதான்.

பஸ்ல போறதா இருந்தா புறக்கோட்டையில 187 ஏறணும். விமான நிலைய வாசல் வரைக்கும் போகுமான்னு கேட்டுட்டு ஏறுங்க, சிலது அவரிவத்தையில இறக்கி விட்டுடும்.

தோட்டத்து டிரைவர்:

ராத்திரியில ரோடு காலியா இருக்கும், 11 மணிக்கு எடுத்தாலும் 4 மணிக்குப் போயிடலாமே? எதுக்கு வீண் லாட்ஜ் செலவு?

வட்டவளை மூடுபனி:

அண்ணே, ஒண்ணும் நடக்காட்டித்தான் 4 மணி. பெரும்பாலான கவுன்டர் ஃப்ளைட்டுக்கு 60 நிமிஷம் முன்னாடி மூடிடும், அதாவது காலை 6 மணி. ரெண்டு மணி நேரம்தான் கையில இருக்கு, ஒரு மண்சரிவுக்கு அது பத்தாது. முதல் பயணத்துக்கு ஏறாம விட்டா அதே டிக்கெட்ல இருக்கிற மத்த பயணமும் திரும்பி வர்றதும் தானா ரத்தாயிடும். தாமதமாகும்னு தெரிஞ்ச உடனே, ஃப்ளைட் கிளம்புறதுக்கு முன்னாடியே கம்பனிக்கு அடிச்சு தேதியை மாத்தணும். கிளம்பினதுக்கு அப்புறம் அடிச்சா கட்டணமும் கூடும், சில டிக்கெட்டுக்கு ஒண்ணுமே திரும்பாது.

பிரதேச செயலக வாசல்:

ரெண்டாவது கேள்விதான் பெரிசு. ரோடு அடைபட்டா ஒரு நாள் போகும், பேர் அடைபட்டா ஒரு தவணையே போகும்.

பாஸ்போர்ட்டை எடுத்து போட்டோ பக்கத்துக்குக் கீழ இருக்கிற ரெண்டு வரியைப் பாருங்க. முதல் வரியில நாட்டுக் குறிக்கு அடுத்து வர்றது குடும்பப் பேர், அப்புறம் << இப்படி ரெண்டு அம்புக்குறி, அதுக்குப் பின்னால வர்றது மத்தப் பேர். கவுன்டர் மெஷின் படிக்கிறது அதைத்தான். முத்தையாங்கிற அப்பா பேர் குடும்பப் பேர் இடத்திலயும் கார்த்திகா பின்னாலயும் இருந்தா டிக்கெட்லயும் விசா ஃபாரத்திலயும் அதே வரிசை, அதே எழுத்து. 'டி'க்குப் பக்கத்துல 'எச்' இருந்தா இருக்கணும், இல்லாட்டி இருக்கக் கூடாது. டிக்கெட் போடுற கடைக்காரர்கிட்ட வாயால பேர் சொல்லாம பாஸ்போர்ட் படத்தை அனுப்புங்க. ரெண்டு மூணு எழுத்துப் பிழையைப் பல கம்பனி திருத்திக் கொடுக்கும், ஆளே மாறுற மாதிரி பேர் மாத்த விடாது.

வரிசை முக்கியம். பாஸ்போர்ட் முதல்ல. அதை வச்சு பல்கலைக்கழக அனுமதிக் கடிதம். அதுக்கு அப்புறம் விசா. டிக்கெட் கடைசி. அனுமதிக் கடிதம் ஏ.எல். சான்றிதழ் ஸ்பெல்லிங்ல வந்திருந்தா விசாவுக்குப் போடுறதுக்கு முன்னாடியே மெயில் போட்டு மாத்தச் சொல்லுங்க. விசா ஒட்டினதுக்குப் பிறகு மாத்துறது ரெட்டிப்பு வேலை.

இனிஷியல் வித்தியாசத்துக்கு, ரெண்டு பெயரும் ஒரே ஆளோடதுன்னு சமாதான நீதவான் முன்னால சத்தியக்கடதாசி முடிச்சு, ஜி.எஸ். (கிராம சேவகர்) கடிதத்தோட ரெண்டு மூணு அசல் எடுத்துக்கங்க. பல்கலைக்கழகம் ஒண்ணைப் பிடிச்சு வச்சுக்கலாம்.

நம்ம பக்கம் அடிக்கடி விழுற குழி ஒண்ணு இருக்கு. பிறப்புச் சான்றிதழ் சிங்களத்திலயோ தமிழிலயோ இருக்கும். ஆங்கிலத்துக்கு மாத்துற சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் காதுக்குப் பட்ட மாதிரி ஸ்பெல்லிங் போடுவார். இப்ப மூணாவதா ஒரு பேர் பொறந்துடும்! பாஸ்போர்ட் கொப்பியைக் கையில கொடுத்து, இந்த எழுத்துலதான் வேணும்னு சொல்லுங்க.

சான்றிதழ் உறுதிப்படுத்துறதுக்குக் கொழும்பு வரைக்கும் போக வேண்டியதில்ல. வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிராந்திய அலுவலகம் கண்டியில இருக்கு. ஆனா பரீட்சைத் திணைக்களம் உறுதிப்படுத்தின பிரதி இல்லாம ஏ.எல். சான்றிதழோட அங்க போய் நிக்க வேண்டாம்.

நீலகிரிச் சொந்தம்:

மூணாவது கேள்விக்கு.

180 நாளைக்கு மேற்பட்ட மாணவர் விசான்னா இந்தியாவுல இறங்கி 14 நாளுக்குள்ள வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துல பதியணும். இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ. தளத்துல ஆன்லைன்லயே செய்யலாம். போட்டோ, பாஸ்போர்ட் பக்கம், விசாப் பக்கம், சென்னையில அடிச்ச முத்திரைப் பக்கம், அங்க படிக்கிற பிள்ளைதான்னு கல்லூரி தர்ற போனஃபைட் சான்றிதழ், தங்குற இடத்துக்கான ஆதாரம் வேணும். தாமதம் ஆகுறது பெரும்பாலும் போனஃபைட்லதான். தவணை ஆரம்பத்துல வெளிநாட்டு மாணவர் பிரிவுல கூட்டம் நிக்கும், கையெழுத்துப் போடுறவர் லீவுல இருப்பார். போன முதல் நாளே விண்ணப்பத்தைக் கொடுத்துடணும். 14 நாள் தாண்டினா அபராதம்.

அடுத்து சி-ஃபாரம். வெளிநாட்டுக்காரரைத் தங்க வைக்கிற ஹோட்டலோ விடுதியோ வீட்டுக்காரரோ 24 மணி நேரத்துக்குள்ள ஆன்லைன்ல அறிவிக்கணும். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின்னால இந்தியாவுக்குப் போன சொந்தம் கோத்தகிரி, கூடலூர்ல இருக்கேன்னு முதல் வாரம் அங்க போய்த் தங்குறாங்க. தங்கலாம், அந்த வீட்டுக்காரரும் சி-ஃபாரம் போடணும். மாமா வீடுதானேன்னு விட்டுடக் கூடாது. விடுதி மாறினாலும் முகவரியை அதே தளத்துல மாத்தணும்.

சென்னையில இறங்கினா பெட்டியை அங்கேயே எடுத்து சுங்கம் தாண்டணும், கோவை வரைக்கும் தானா போகாது. கோவை ஃப்ளைட் தனி டிக்கெட்னா உள்நாட்டுக்குப் பெரும்பாலும் 15 கிலோதான். கொழும்புல விட்ட 30 கிலோவை அங்க விட மாட்டாங்க, கூடுற ஒவ்வொரு கிலோவுக்கும் காசு. அதுக்கு ரயிலே மேல். சேரன், நீலகிரி ரெண்டும் ராத்திரி சென்னை சென்ட்ரல்ல கிளம்பி விடிய கோவையில விடும். மதுரை, திருச்சிப் பக்கம் போறதுகள் எழும்பூர்ல. ஆட்டோக்காரர்கிட்ட ஸ்டேஷன் பேரைத் தெளிவாச் சொல்லுங்க. முன்பதிவு 60 நாளுக்கு முன்னாடி திறக்கும். டிக்கெட்ல ஆர்.ஏ.சி.ன்னு இருந்தா ஏறலாம், படுக்கையைப் பகிர்ந்துக்கணும். வெயிட்டிங் லிஸ்ட்லயே நின்னா முன்பதிவுப் பெட்டியில ஏற முடியாது.

மல்லியப்பு சந்தி:

ரொம்ப நன்றி. பாஸ்போர்ட் தொலைஞ்சா என்ன செய்றது? அம்மாவுக்கு அதுதான் பயம்.

நீலகிரிச் சொந்தம்:

முதல்ல பொலிஸ்ல முறைப்பாடு போட்டுப் பிரதி வாங்கணும். அப்புறம் சென்னையில இருக்கிற இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயம். புது பாஸ்போர்ட்டுக்கு அங்க விண்ணப்பிக்கலாம், கைக்கு வரக் காலம் எடுக்கும். அவசரமா ஊருக்கு வரணும்னா தற்காலிகப் பயண ஆவணம் தருவாங்க, அது ஒரு வழிப் பயணத்துக்குத்தான். அதை மட்டும் வச்சு விமானம் ஏற முடியாது, இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ.ல வெளியேறும் அனுமதியும் எடுக்கணும். இதைத் தெரியாமத்தான் ஏர்போர்ட்ல இருந்து திரும்பி வர்றாங்க. புது பாஸ்போர்ட் வந்தா விசாவை அதுக்கு மாத்துறதும் அதே தளத்துல.

போட்டோப் பக்கம், விசா, வருகை முத்திரை மூணையும் படம் எடுத்து அம்மாவோட போன்லயும் ஒரு மெயில்லயும் வச்சுடுங்க. பிறப்புச் சான்றிதழ் பிரதி ஒண்ணு ஹட்டன்ல இருக்கட்டும்.

பினாங்கு பக்கம்:

மலேசியா போற தம்பிக்கு: வெளிநாட்டு மாணவர் விண்ணப்பத்தைப் பார்க்கிற மலேசிய நிறுவனம் இ.எம்.ஜி.எஸ்., அதோட அனுமதிக் கடிதம் வந்த பிறகுதான் ஒருமுறை நுழைவு விசா. சுற்றுலா விசாவுல போய் அங்க மாத்திக்கலாம்னு ஏஜென்ட் சொன்னா கேக்க வேண்டாம். எம்.டி.ஏ.சி. வருகை அட்டையை இறங்குறதுக்கு முன்னாடி 3 நாளுக்குள்ள ஆன்லைன்ல நிரப்பணும். ஃப்ளைட் விவரத்தைப் பல்கலைக்கழகத்துக்கு முன்கூட்டியே அனுப்புங்க, ஏர்போர்ட்ல வந்து அழைச்சுக்கிட்டுப் போக ஆள் அனுப்புவாங்க. 7 நாளுக்குள்ள அவங்க சொல்ற கிளினிக்ல மருத்துவப் பரிசோதனை.

ரெண்டு பேருக்கும்: பவர் பேங்க் கைப்பையில மட்டும். கட்டா சம்பல், ஊறுகாய் பெரிய பெட்டியில, மூடிக்குக் கீழ பொலித்தீன் வச்சு இறுக்கி. பேங்க் ஓ.டி.பி. வர்ற சிம்முக்கு ரோமிங்கை இங்க இருக்கும்போதே போட்டுடுங்க. அங்க போய்ப் போடப் பார்த்தா, அதை உறுதிப்படுத்துற ஓ.டி.பி.யும் அதே சிம்முக்குத்தான் வரும்.