நோட்டீஸ் வந்தால் ஆய்வு நின்றுவிடும்

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில், பயனர்களே ஒருவருக்கொருவர் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் டோரன்ட் வலையமைப்புகளை அளந்தறியும் ஆய்வுக் குழுவில் சில காலம் இருந்தேன். எங்கள் கணினி எந்தப் பாடலையும் படத்தையும் இறக்கியதில்லை, பிறருக்குக் கொடுத்ததுமில்லை. ஒரு கோப்பை எத்தனை பேர் பகிர்கிறார்கள், எவ்வளவு நேரம் இணைப்பில் நிற்கிறார்கள் என்று, பகிர்வோர் பட்டியலை வைத்திருக்கும் ட்ராக்கர் என்ற சர்வரிடம் கேட்டுக் குறித்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. ஆனால் கேட்ட மாத்திரத்திலேயே கேட்டவரின் ஐபி முகவரியும் (இணையத்தில் அவருடைய கணினியின் எண்) பகிர்வோர் பட்டியலில் ஏறிவிடும். பதிப்புரிமை நிறுவனங்களுக்காகக் கண்காணிப்பவர்களுக்கு அந்தப் பட்டியலே போதுமானதாக இருந்தது. பதிப்புரிமையை மீறியதாக நோட்டீஸ்கள் வந்தன, பல்கலைக்கழகத்தின் வலையமைப்புப் பிரிவு எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இணைப்பைத் துண்டித்தது.

விளக்கம் எழுதிக் கொடுத்தோம். சட்டப் பிரிவின் பதில் மிகவும் பணிவானது: ஆய்வின் நோக்கத்தில் ஐயமில்லை, ஆயினும் இதைப் பல்கலைக்கழக வலையமைப்புக்கு வெளியே செய்ய இயலுமா என்று கேட்டிருந்தார்கள். 1998ஆம் ஆண்டின் டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமைச் சட்டம், திரும்பத் திரும்ப மீறுவோரின் இணைப்பை நீக்கும் கொள்கையை வைத்திருக்கும் இணையச் சேவையாளருக்கே இழப்பீட்டுப் பொறுப்பிலிருந்து பாதுகாப்பு தருகிறது. ஆகவே புகார் மெய்யா பொய்யா என்று விசாரிப்பதைவிட இணைப்பைத் துண்டிப்பதே நிர்வாகத்துக்கு எளிது.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட கட்டுரையில், டோரன்ட்டோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத பிரின்டரின் ஐபி முகவரிக்கே மீறல் நோட்டீஸ் வரவைக்க முடியும் என்று செய்து காட்டினார்கள். (அந்தக் கட்டுரையை எங்கள் சட்டப் பிரிவுக்கும் அனுப்பினோம், படித்ததாகத் தெரியவில்லை.)

பிரின்ஸ்டன் பேராசிரியர் எட்வர்ட் ஃபெல்டனுக்கு நேர்ந்தது இன்னும் வெளிப்படையானது. திருட்டு நகலைத் தடுப்பதற்காகப் பாடல்களில் மறைவாகப் பதிக்கும் டிஜிட்டல் நீர்க்குறிகளை உடைத்துப் பாருங்கள் என்று 2000இல் இசைத் துறையின் கூட்டமைப்பே சவால் விட்டது. அவருடைய குழு உடைத்துக் காட்டி, 2001 ஏப்ரலில் கருத்தரங்கில் கட்டுரை படிக்க முற்பட்டபோது, அதே 1998ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சுட்டி இசைத் துறைத் தரப்பிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. ஜூனில் குழுவினர் நீதிமன்றம் சென்றார்கள். வழக்குப் போடும் எண்ணமே இல்லை என்று எதிர்த்தரப்பு சொல்லிவிட்டது. ஆகஸ்டில் கட்டுரை வாசிக்கப்பட்டது. நவம்பரில் மனு தள்ளுபடியாயிற்று. கடிதம் ஒன்றைக் கொண்டு ஓர் ஆய்வை மாதக்கணக்கில் நிறுத்திவைக்கலாம், கேள்வி கேட்டால் பின்வாங்கிக்கொள்ளலாம், அது சரியா என்ற கேள்விக்குத் தீர்ப்பு வராமலும் பார்த்துக்கொள்ளலாம் என்பதே நான் இதில் கண்டது.

உரிமையாளர்களுக்கு இழப்பே இல்லை என்று நான் வாதிடவில்லை. புகார் அனுப்புவோர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை, ஆய்வாளரோ அனைத்தையும் நிரூபிக்க வேண்டும் என்ற ஏற்பாட்டைத்தான் குறை சொல்கிறேன். எங்கள் குழுவுக்கு ஒருவழியாக உடன்பாடு கிடைத்தது: அந்த ஐபி முகவரிகள் ஆய்வுக்குரியவை என முன்கூட்டியே பதிவு செய்யப்படும், துண்டிக்கும் முன் துறைத் தலைவரிடம் கேட்கப்படும். அதற்குள் எங்களுடன் இருந்த மாணவர் ஒருவர் வழிகாட்டியின் யோசனைப்படி, நோட்டீஸ் வராத வேறொரு தலைப்புக்கு மாறிவிட்டார்.