புதுப்பிப்பு: கிளிநொச்சியில் பாவித்த அக்சியோ ஹைபிரிட் வாங்கலாமா?

2014 டொயோட்டா அக்சியோ ஹைபிரிட் (பெற்றோலிலும் பற்றரியிலும் ஓடும்) கார் ஒன்றை நம்பி வாங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். ஆலோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. கைகொடுத்தது, ஸ்கானர் (காரின் கணினித் தரவைக் காட்டும் கருவி) பூட்டி ஓடவிட்டுப் பார்க்கச் சொன்னவரின் யோசனைதான். ஏ9 வீதியில் பரந்தன் பக்கம் ஓட்டினோம். நிற்கும்போது சமமாக இருந்த பற்றரித் தொகுதிகளின் வோல்ற் அளவுகளில் ஒன்று, வேகமெடுக்கும்போதெல்லாம் மற்றவற்றைவிடத் தாழ்ந்தது. அந்தத் தொகுதி பலவீனம் என்று அந்தக் காரை விட்டுவிட்டேன்.

பிறகு மாங்குளத்தில் பார்த்த, அதே 1.5 லீற்றர் ஹைபிரிட்டில் அளவுகள் ஒன்றாக நின்றன; அதையே வாங்கினேன்.

எதிர்பாராதது ஒன்று: பின்னிருக்கையோரம் பற்றரிக்குக் காற்று இழுக்கும் துவாரத்தில் கிரவல் புழுதி கம்பளி போல் அப்பியிருந்தது. அது அடைபட்டால் பற்றரி சூடேறி ஆயுள் குறையும். வன்னியில் ஓடிய ஹைபிரிட் என்றால் அதைத் திறந்து பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.