ஹேண்ட்பாலுக்கு என்ன சொல்? கைபடலா, கைக்குற்றமா

எல்லாருக்கும் வணக்கம்.

அவசரமா ஒரு உதவி வேணும். நடுவர் பயிற்சிக்குப் புதுசா வர்றவங்களுக்காக கால்பந்து விதிகள்ல 12ஆவது விதியைத் தமிழ்ல எழுதிட்டு இருக்கேன், வியாழக்கிழமை ராத்திரிக்குள்ள கொடுத்தாகணும். ஃபவுல், மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை எல்லாம் ஓடிருச்சு, ஹேண்ட்பால்ல வந்து நின்னுட்டேன். முதல் வரைவுல கைப்பந்துன்னு போட்டேன். படிச்சுப் பாத்த நண்பர் "கால்பந்து விதியில வாலிபால் எங்கேர்ந்து வந்துச்சு"ன்னு கேட்டார், அவர் கேட்டது நியாயம், அதோட அந்தச் சொல் போச்சு. இப்ப கைத்தவறுன்னு வச்சிருக்கேன், ஆனா மனசுக்கு ஒட்டல.

விதி சொல்றது சுருக்கமா இதுதான். வேணும்னே கையைப் பந்துப் பக்கம் கொண்டுபோய்த் தொட்டா குற்றம். வேணும்னே இல்லாட்டியும், ஓடுற ஓட்டத்துக்குச் சம்பந்தமில்லாம கையை விரிச்சு உடம்பைப் பெருசாக்கி வச்சிருந்து அதுல பட்டாலும் குற்றம். தன் கையில தற்செயலாப் பட்டு பந்து உள்ள போனாலோ, பட்ட உடனே அவனே கோல் அடிச்சாலோ அந்த கோல் செல்லாது. மத்தபடி சும்மா வந்து பட்டா ஆட்டம் ஓடும். கைன்னா எது வரைக்கும்னும் 2020லேயே எழுதிட்டாங்க, அக்குளோட அடிமட்டம் வரைக்கும் கை, அதுக்கு மேல தோள். இங்க மட்டும் தமிழுக்கு வேலை மிச்சம், ஏன்னா நமக்கு மணிக்கட்டுக்குக் கீழ ஒரு சொல் மேல ஒரு சொல்னு இல்ல, முழுசும் கைதான். இத்தனைக்கும் பொருந்துற மாதிரி ஒரு சொல் சொல்லுங்க.

—————

மறு: ஹேண்ட்பாலுக்கு என்ன சொல்?

தம்பி, நல்ல வேலை எடுத்திருக்கீங்க. ஆனா கைத்தவறு வேண்டாம். கைதவறி விழுந்துருச்சுன்னு சொன்னா பொறுத்துக்கோங்கன்னு அர்த்தம். 1986ல அஸ்டெக்கா மைதானத்துல இங்கிலாந்துக்கு எதிரா மரடோனா கையால தட்டி கோல் போட்டதுக்குப் பேரு கைத்தவறா?

என் சொல் கைத்தீண்டல். தீண்டு நல்ல பழைய வினை, தொடுதலை விட மெல்லிசா லேசாப் படுறதையும் சொல்லும். கையும் வெறும் உறுப்புப் பேர் இல்ல. தெலுங்குல கைக்கு சேயி, செய்யுறதுக்கு சேயு. நம்ம செய் கன்னடத்துல கெய். ஆகவே கையும் செய்யும் ஒரு வயித்துல பிறந்ததுன்னு நான் ரொம்ப நாளாச் சொல்லிட்டு வர்றேன், கை இருக்கிற இடத்துல செயல் இருக்கு, செயல் இருக்கிற இடத்துல பொறுப்பு இருக்கு. நடுவர் பாக்குறதும் அந்தப் பொறுப்பைத்தானே. யானையோட தும்பிக்கையைக் கைன்னே சொல்லி, அதனால யானையைக் கைம்மான்னு சொன்ன மொழி இது. இதுல கைக்கு ஒரு சொல் கிடைக்கலைன்னு ஆங்கிலத்துக்குப் போறது அழகில்ல.

—————

மறு: மறு: ஹேண்ட்பாலுக்கு என்ன சொல்?

ஐயா, தும்பிக்கை வரைக்கும் போனீங்க சரி, ஆனா தீண்டல்னு சொன்னா எந்தப் பிள்ளைக்கும் முதல்ல தீண்டாமைதான் ஞாபகம் வரும், அடுத்தது பாம்பு. விளையாட்டு மைதானத்துல அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு வாய் வராது, இதுல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நான் பதினாறு வயசுக்குள்ள இருக்கிற பொண்ணுங்களுக்கு கோச்சிங் கொடுக்கிறேன். பந்து கையில பட்ட நொடியில ரெண்டு டீமும் ஒரே குரல்ல "ஹேண்ட்ஸ்"னு கத்தும், கையைத் தூக்கி விரலால முழங்கையைத் தட்டிக் காட்டும். எந்த ஊர் ஆட்டத்துக்குப் போனாலும் அதேதான். விசில் ஊதுறதுக்கு முன்னாடி அரை செகண்ட் இருக்கு, அதுக்குள்ள வாயில வர்றதுதான் சொல். கோலுக்கும் பெனால்டிக்கும் ஆஃப்சைடுக்கும் தமிழ் தேடாதவங்க இதுக்கு மட்டும் ஏன் தேடணும்? ஹேண்ட்பால்னே போடுங்க தம்பி.

இன்னொண்ணு, நீங்க யோசிக்கிற சொல் கோல்கீப்பருக்கும் பொருந்தணும். 2025 எஃப்.ஏ. கப் ஃபைனல்ல கிரிஸ்டல் பேலஸ் கீப்பர் ஹெண்டர்சன் கீப்பர் கையால தொடலாம்ங்கிற பாக்ஸுக்கு வெளிய வந்து மான்செஸ்டர் சிட்டி ஹாலண்டுக்கு முன்னாடி பந்தைக் கையால தட்டி விட்டார். நடுவர் விட்டுட்டார், வார்ல, அதாவது வீடியோ பாத்து சரிபாக்குற நடுவர்கள் பாத்தும் சிவப்பு இல்லைன்னுட்டாங்க. அதே ஆளு பின்னாடி மர்மூஷ் பெனால்டியைத் தடுத்தார், பேலஸ் 1–0ன்னு கோப்பையைத் தூக்குச்சு. ஹாலண்ட் ஓரமா விலகிப் போயிட்டு இருந்தார், அதனால நிச்சய கோல் வாய்ப்பு இல்லைன்னு சொன்ன விளக்கம் எனக்கு இன்னிக்கும் செரிக்கல. எனக்குப் பேலஸ் ஜெயிச்சது சந்தோஷம், ஆனா அது சிவப்புதான்.

—————

மறு: மறு: மறு: ஹேண்ட்பாலுக்கு என்ன சொல்?

எங்கட பக்கத்தில இதை உதைபந்தாட்டம் எண்டுதான் சொல்லுறது, வாலிபால் கரப்பந்தாட்டம், நடுவர் மத்தியஸ்தர். அதால கைப்பந்து எண்ட சொல்லு எங்களுக்குச் சும்மாதான் கிடக்கு, உங்களுக்குத்தான் சிக்கல். ரெண்டு பக்கத்துக்கும் பொதுவாப் பாத்து ஒண்டு வையுங்கோ, பிறகு எங்கட பிள்ளையளுக்கு வேற புத்தகம் அச்சடிக்க ஏலாது.

—————

மறு: ஹேண்ட்பாலுக்கு என்ன சொல்?

வந்த பதில் எல்லாத்தையும் ராத்திரி உக்காந்து படிச்சேன், ரொம்ப நன்றி. கை வச்சு எந்தச் சொல் கட்டினாலும் அதுல ஏற்கெனவே யாரோ குடியிருக்காங்க, அதான் எனக்குப் புரிஞ்சது. தனிமடல்ல ஒருத்தர் பந்துக் கையாடல்னு அனுப்பினார், கையாடல்னா பணத்தைச் சுருட்டுறது. கைமீறல்னு இன்னொருத்தர், விதிமீறல் மாதிரின்னு சொன்னார், ஆனா கைமீறிப் போச்சுன்னா நம்ம கட்டுப்பாட்டுல இல்லைன்னு ஆயிடும். கைவரிசை வேண்டவே வேண்டாம். கைத்தொடுகைன்னா சரியா இருக்கும்னு நினைச்சேன், எழுதிப் பாத்தா முன்னாடி ஒரு கை பின்னாடி ஒரு கை, பின்னாடி இருக்கிறது வருகை, செய்கைல வர்ற விகுதின்னு தெரிஞ்சாலும் கண்ணுக்கு ரெண்டு கையாத்தான் படுது.

அப்புறம்தான் ஒண்ணு தோணுச்சு. ஒரே சொல் வேணும்னு நான் கேட்டதே தப்பு.

2024 யூரோ கால் இறுதி, ஸ்டுட்கார்ட், ஸ்பெயினும் ஜெர்மனியும் 1–1, கூடுதல் நேரம். ஜெர்மனி முசியாலா அடிக்கிறார், பந்து ஸ்பெயின் குக்குரேயா கையில பட்டு நிக்குது, நடுவர் ஆந்தணி டெய்லர் ஆட்டத்தை நிறுத்தல. எனக்கு அந்த ஒரு கட்டத்தை எத்தனை தடவை பாத்தாலும் வயிறு எரியும். கை உடம்போட ஒட்டி இல்ல, கீழ தொங்கிட்டு, பின்னாடி இழுத்துக்கிற மாதிரி இருக்கு, ஆனா பந்து கோலைப் பாத்துப் போயிட்டு இருந்துச்சு. 119ஆவது நிமிஷத்துல மெரினோ தலையால முட்டி ஸ்பெயின் 2–1. அந்த செப்டம்பர்ல, பெனால்டி கொடுத்திருக்கணும்னு ஐரோப்பிய சங்கத்தோட நடுவர் குழுவே சொன்னதா செய்தி வந்துச்சு, அதுக்குள்ள கோப்பை ஸ்பெயின் போயாச்சு.

அதே போட்டித்தொடர்ல ஆறு நாள் முன்னாடி டார்ட்மண்ட்ல டென்மார்க் ஆண்டர்சன். ரொம்பக் கிட்டேர்ந்து ஜெர்மனி வீரர் ராவும் அடிச்ச கிராஸ் விரல்ல உரசுது, பந்துக்குள்ள இருந்த சென்சார் எழுப்பின அலையை டிவியில கிரிக்கெட் ஸ்னிக்கோ மாதிரி காட்டுறாங்க, உடனே பெனால்டி, ஹாவர்ட்ஸ் கோல். டென்மார்க் ஆளுங்க கோல் போட்டு அது ஆஃப்சைடுன்னு போய் சில நிமிஷம்தான் ஆகியிருந்துச்சு. அந்த அலை என்ன சொல்லுச்சு? பட்டுச்சுன்னு சொல்லுச்சு. குற்றமான்னு அது சொல்லாது, சொல்லவும் முடியாது. ஆனா ஆங்கிலத்துல ரெண்டுக்கும் ஹேண்ட்பால்னு ஒரே சொல்லு இருக்கிறதால பட்டுச்சுன்னு நிரூபிச்ச உடனே குற்றமும் நிரூபிச்ச மாதிரி ஆயிடுது. கமெண்டரி சொல்றவர் ஹேண்ட்பால்னு கத்துறார், பாக்குற நாமளும் கத்துறோம், நடுவர் மட்டும் இல்லைங்கிறார், அவரைத் திட்டுறோம்.

நமக்கு அந்தக் கஷ்டம் ஏன்? தமிழ்ல கை பட்டுருச்சுன்னா ஒண்ணு, கை வச்சுட்டான்னா வேற ஒண்ணு, இதை யாரும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்ல. அதனால நடந்ததுக்கு கைபடல், அது விதிப்படி தப்புன்னு நடுவர் முடிவு பண்ணா கைக்குற்றம். "எல்லாக் கைபடலும் கைக்குற்றம் ஆகாது"ன்னு பாடத்தோட முதல் வரியா எழுதிட்டேன். அந்த ஒரு வரி எழுதினதும் மிச்சப் பக்கமெல்லாம் தானா ஓடுது.

—————

மறு: மறு: ஹேண்ட்பாலுக்கு என்ன சொல்?

> நடந்ததுக்கு கைபடல்

தம்பி, யோசனை அருமை, ஆனா ஒற்று எங்க? கைப்படல்னுதான் வரணும். கையில் உள்ள பொருள் கைப்பொருள், அதே மாதிரி கையில் படுதல் கைப்படல், ஏழாம் வேற்றுமை மறைஞ்சு நிக்குது, வலி மிகும்.

இதை எழுதறப்பவே இன்னொண்ணு கண்ணுல பட்டுச்சு. கை எழுவாயா நின்னா, அதாவது கை போய்ப் பட்டுச்சுன்னா, எழுவாய்த் தொடர், வலி மிகாது, கைபடல். பந்து வந்து கையில பட்டுச்சுன்னா கைப்படல். கை பந்துக்குப் போச்சா, பந்து கைக்கு வந்துச்சான்னு நடுவர்கள் காலங்காலமாக் கேக்குறாங்களே, அந்தக் கேள்விக்கு விடை ஒரு பகர ஒற்றுல இருக்கு! கைக்குற்றம் வேண்டாம், இந்த ரெண்டு சொல்லையே வச்சுக்கலாம்.

—————

மறு: மறு: மறு: ஹேண்ட்பாலுக்கு என்ன சொல்?

ஐயா, படிச்சதும் எந்திரிச்சு நின்னுட்டேன், அவ்வளவு அழகு. ஆனா மைதானத்துல ஒற்று காதுல விழாது. போதாததுக்கு தன் கைப்பட எழுதின கடிதம்னு சொல்றோம், அங்க கைப்படன்னா தானே, தெரிஞ்சே, சொந்தக் கையால. நீங்க தற்செயலுக்கு வைக்கிற சொல் வேணும்னே செஞ்சதுன்னு ஒலிக்குதே. அதோட இப்ப விதியும் கை போச்சா பந்து வந்துச்சாங்கிறதோட நிக்கல. பந்து வந்து பட்டாலும் கை விரிஞ்சிருந்தா குற்றம். 2018 உலகக் கோப்பை ஃபைனல்ல குரோஷியா பெரிசிச் கையில பந்துதான் வந்து பட்டுச்சு, நடுவர் பிட்டானா திரையில போய்ப் பாத்துட்டு வந்து பெனால்டி கொடுத்தார்.

எனக்கும் ஒரு நெருடல் இருக்கு தம்பி, குற்றம்ங்கிறது பெரிய சொல். தற்செயலாப் பட்டு கோல் போனதுக்கும் குற்றமா? உடுக்கை இழந்தவன் கை மாதிரி தானாப் போற கையும் உண்டு, முகத்தை மறைக்கப் போற கை. கைப்பிழைன்னு வச்சா தேவலாம்னு தோணுது.

—————

மறு: மறு: மறு: மறு: ஹேண்ட்பாலுக்கு என்ன சொல்?

கைப்பிழைக்கு நான் எதிர்ப்பு. 2010ல கானா அடிச்ச பந்தை கோல் கோட்டுல நின்னு உருகுவே சுவாரஸ் ரெண்டு கையாலயும் தடுத்தாரே, அதைப் பிழைன்னு எழுதினா கானாக்காரன் மன்னிப்பானா? 2009ல பிரான்ஸ் ஆன்ரி கையால பந்தை நிறுத்தி கலாஸுக்குத் தள்ளினதுல அயர்லாந்து உலகக் கோப்பைக்கே போகல. குற்றம்னே இருக்கட்டும். விதியே தண்டனையில தரம் பிரிச்சிருச்சு, நிச்சய கோலை வேணும்னே கையால தடுத்தா சிவப்பு, வேணும்னே இல்லாம கையில பட்டுத் தடுத்து பெனால்டி ஆச்சுன்னா 2024லேர்ந்து மஞ்சள்தான். ஆக கைக்குற்றத்துக்கு முன்னாடி வேணும்னே, தற்செயல்னு அடைமொழி போட்டுக்கலாம்.

அப்படியே ஆஃப்சைடுக்கும் ஒண்ணு பாத்துடலாமா? 2023ல டாட்டன்ஹாமுக்கு எதிரா லிவர்பூல் லூயிஸ் டியாஸ் போட்ட நல்ல கோலை வார் அறையில இருந்தவங்களே தப்பாப் புரிஞ்சு அழிச்சாங்களே, அதைப் பத்தி எழுத எனக்கு நிறைய இருக்கு.

—————

மறு: ஹேண்ட்பாலுக்கு என்ன சொல்?

ஆஃப்சைடு தனி இழையா வச்சுப்போம், தயவுசெஞ்சு. இன்னிக்கு வியாழன்.

கைபடலுக்கு ஆறு பேர், கைக்குற்றத்துக்கு நாலு பேர், அந்த இடத்துல கைப்பிழைக்கு ஒருத்தர். ஈழத்து அண்ணா ரெண்டும் தங்களுக்கு விளங்கும்னு எழுதிட்டார், அது எனக்குப் பெரிய நிம்மதி. கைபடல், கைக்குற்றம்னு வச்சு அனுப்புறேன், முதல் தடவை வர்ற இடத்துல மட்டும் மைதானத்துல இதை ஹேண்ட்ஸ்னு சொல்வாங்கன்னு ஒரு வரி சேத்திருக்கேன். ஐயா, உங்க ஒற்று விளக்கத்தைப் பாடத்துல சேக்க இடமில்ல, ஆனா அதை நான் எடுத்து வச்சிருக்கேன்.

—————

மறு: மறு: ஹேண்ட்பாலுக்கு என்ன சொல்?

சரி தம்பி, போடுங்க. கைபடலை நேத்து சாயங்காலம் ப்ராக்டிஸ்ல சொல்லிப் பாத்தேன். ஒரு பொண்ணு பந்து கையில பட்டதும் தானா நின்னு "அக்கா, படல்தான், குற்றமில்ல"ன்னு சொன்னா. மத்த எல்லாரும் ஹேண்ட்ஸ்னுதான் கத்தினாங்க.

—————

மறு: மறு: மறு: ஹேண்ட்பாலுக்கு என்ன சொல்?

அனுப்பியாச்சுன்னா சரி. கைப்படலுக்கு ஒற்று வேணும்ங்கிறதுல நான் மாறல, அடுத்த பதிப்பு வர்றப்ப திரும்ப எழுதுவேன்.