மறு: பிசோகொட்டுவவுக்குத் தமிழில் ஒரு சொல்

அன்பின் நண்பர்களுக்கு,

இழை நீண்டுவிட்டது. ஆளுக்கொரு பதில் எழுதினால் விடிந்துவிடும், எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக முதலில் கொஞ்சம். பழைய குளக்கட்டுகளில் இருக்கும் பிசோகொட்டுவ என்ற அறைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்பதுதான் இந்த இழையின் கேள்வி. இலங்கையின் வன்னியில், மல்லாவிப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பழைய குளங்களைப் பற்றி ஒரு சின்ன அசைவூட்டப் படம் செய்துகொண்டிருக்கிறோம். வரைவது வேறு ஆட்கள், பின்னணிக் குரலுக்கான தமிழ் என்னுடைய வேலை. அதற்காகத்தான் ஹென்றி பார்க்கர் 1909இல் வெளியிட்ட ‘ஏன்சியன்ற் சிலோன்’ நூலைக் கையில் எடுத்தேன். பார்க்கர் இங்கே நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பொறியியலாளராக இருந்தவர். கட்டு, கல், செங்கல் என்று அளந்துகொண்டே போகிறவர், ஓர் இடத்தில் நம்மை நிமிர்ந்து உட்கார வைக்கிறார். ஐரோப்பாவில் நீர்த்தேக்கங்களுக்கு, தண்ணீரைத் திறந்து மூடும் வால்வை உள்ளே வைத்த வால்வுக் கோபுரமும் வால்வுக் குழியும் கட்டத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். அதே யோசனையை இந்தத் தீவில் இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்னரே செய்து பார்த்துவிட்டார்கள் என்கிறார். அவர் காட்டும் மிகப் பழைய உதாரணங்களில் வவுனிக்குளமும் பாவற்குளமும் இருக்கின்றன. வவுனிக்குளத்துத் தண்ணீரில் விளைந்த அரிசிதான் எங்கள் வீட்டு உலையில் இன்றும் கொதிக்கிறது, ஆகவே அந்தப் பக்கங்களை எனக்கு இலகுவில் தாண்ட முடியவில்லை.

பொருள் இதுதான். குளக்கட்டின் உட்சரிவில், துருசுக் குழாய் (குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் குழாய்) போகும் வழியில், சதுரமாகவோ நீள்சதுரமாகவோ ஓர் ஆழமான அறை. சுவர் செங்கல்லாலும் செதுக்கிய கற்பலகைகளாலும் ஆனது, மேலே திறந்தது. குளத்துத் தண்ணீர் ஒடுங்கிய குழாய் வழியே அறைக்குள் வரும். அடியில் இருக்கும் மறு குழாய் வழியே கட்டுக்குக் கீழால் வாய்க்காலுக்குப் போகும். சிங்களத்தில் பிசோகொட்டுவ. ‘அரசியின் அடைப்பு’ என்று பலர் பொருள் சொல்வார்கள், நீர் ‘இறங்குகிற’ இடம் என்பதிலிருந்து வந்தது என்கிறவர்களும் உண்டு.

இது எதற்கு என்பதை ஒரு கணக்கு சொல்லும். குளத்தில் 5 மீற்றர் தண்ணீர் நின்றால், அடியில் ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 5 தொன் அழுத்தம். அங்கே ஓர் ஓட்டை போட்டால், உராய்வை விட்டுவிட்டுப் பார்க்கும்போது, தண்ணீர் செக்கனுக்குப் பத்து மீற்றர் வேகத்தில் பாயும். மணிக்கு 36 கிலோமீற்றர். ஏ-9 வீதியில் அது ஒன்றும் இல்லை, மண்கட்டுக்குள் போகும் குழாயில் அது பெரிய காரியம். குழாயின் மூட்டில் ஒரு சின்ன வெடிப்பு இருந்தால் போதும், சுற்றியுள்ள மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்துவிடும். மண்கட்டில் பயப்பட வேண்டிய இடம் துருசடிதான். பாய்ந்து வருகிற தண்ணீரை நடுவில் ஓர் அகன்ற அறைக்குள் விட்டால், அது சுவரில் மோதிச் சுழன்று வேகத்தை இழந்துவிடுகிறது. பிறகு அடங்கி வெளியே போகிறது.

சரி, இனி உங்கள் சொற்கள்.

> ஓரதர்க்குழி என்று வைத்துவிடலாம். நேரான மொழிபெயர்ப்பு.

நேராகத்தான் இருக்கிறது, அதுதான் பிரச்சினை. ஓரதர் என்றால் வால்வு என்று இந்தக் குழுவில் நாலு பேருக்குத் தெரியும். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியாது, அதன் ஆசிரியருக்கும் தெரியாது. ஒரு சொல்லை விளக்க இன்னொரு சொல்லையும் விளக்க வேண்டிவந்தால் படம் முடிந்துவிடும்.

> மதகுக்கிணறு?

மதுரைக்காரர் சொன்னது. அங்கே மதகு என்றால் ஏரித் தண்ணீரைத் திறந்துவிடும் இடம். எங்கள் பக்கத்தில் மதகு என்பது வீதிக்குக் குறுக்கே தண்ணீர் போக வைத்த சின்னப் பாலம், பின்னேரங்களில் இளந்தாரிகள் ஏறி இருந்து கதைக்கும் இடம். ‘மதகுக்கிணறு’ என்றால் இங்குள்ள பிள்ளை வேறு எதையோ மனதில் வரைந்துகொள்ளும். எங்களுக்குக் கட்டில் தண்ணீர் திறப்பது துருசு, மேலதிகத் தண்ணீர் வழிவது வான்.

> தமிழ்நாட்டில் குமிழித்தூம்பு இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

இந்தக் கேள்விதான் எனக்கு இந்த இழையிலேயே பிடித்தது. இதற்காக இரண்டு மூன்று இரவுகள் தமிழ்நாட்டு ஏரிகளைப் பற்றிய காணொளிகளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அபாரமான பொருள் அது, சந்தேகமே இல்லை. கரையை விட்டுத் தள்ளி ஏரிக்கு உள்ளே இரண்டு கல்தூண்கள், இடையில் குறுக்குக் கற்கள், அவற்றின் துளை வழியே இறங்கும் ஒரு தண்டு. தண்டின் அடியில் உள்ள கல், கீழே இருக்கும் கல்தொட்டியின் நீரோடித் துளையை அடைத்திருக்கும். தண்டை உயர்த்தினால் மேலிருந்து தண்ணீர் இறங்கும், பக்கத்தில் இருக்கும் சின்ன சேறோடித் துளைகள் வழியே அடிச்சேறும் சேர்ந்து போய்விடும். வண்டலை வயலுக்கும் அனுப்பி, ஏரியையும் தூர்வாரிக்கொள்கிறது. யோசித்தவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஆனால் அது வேறு, இது வேறு. அது ஏரிக்குள் தனியாக நிற்கிறது, இது கட்டோடு ஒட்டிக் கிடக்கிறது. அதன் சிறப்பு சேற்றைக் கடத்துவது, இதில் அப்படி ஒன்றும் இல்லை. குமிழித்தூம்பு என்ற பெயரை இதற்குக் கொடுத்தால் இரண்டு கெட்டித்தனங்களையும் ஒன்றாக்கிக் குழப்பிவிடுவோம்.

> அழுத்தத்தணிப்பறை அல்லது விசைமுறிப்பறை. செயலைச் சொல்லும் பெயர்தான் நல்ல கலைச்சொல்.

பெரும்பாலான இடங்களில் நானும் இதையே சொல்வேன். இங்கே மட்டும் மறுக்கிறேன். அறைக்குள் ஒரு மரக்கதவு இருந்தது, அதை ஏற்றி இறக்கித்தான் தண்ணீரைக் கட்டுப்படுத்தினார்கள் என்பது பார்க்கரின் வாசிப்பு. அதனால்தான் வால்வுக் குழி என்றார். இல்லை, அறையின் முதல் வேலை வேகத்தை அடக்குவதுதான் என்று வாதிடும் பொறியியலாளர்கள் இருக்கிறார்கள். மரம் உக்கிப்போகும், கல் மட்டுமே மிஞ்சும், ஆகவே வழக்கு இலகுவில் தீராது. இன்னொன்று: கதவை மூடி வைத்தால் அறையும் குளத்து மட்டத்துக்கு நிரம்பிவிடும், அப்போது கதவின் மேல் அழுத்தம் தணியவே தணியாது. திறந்திருக்கும்போதுதான் அறைக்கு வேலை. அழுத்தத்தணிப்பறை என்று பெயர் வைத்தால் ஒரு கட்சியின் தீர்ப்பைப் பெயருக்குள் எழுதி, பிள்ளைகளின் தலையில் ஏற்றுகிறோம். ஓரதர்க்குழி மற்றக் கட்சியின் தீர்ப்பு. எது எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்பதில் சண்டை இல்லை. துருசு வழியில் இருக்கிறது, கிணறு மாதிரி இருக்கிறது.

ஆகவே என் வாக்கு துருசுக்கிணறு.

இங்கே குளத்தடியில் உள்ள வயது போன ஒரு கமக்கார ஐயாவிடம் படத்தைக் காட்டிக் கேட்டேன். “உதுக்குத் தனிப்பேர் ஒண்டும் இல்லைத் தம்பி, துருசடிக் கிடங்கு எண்டு சொன்னா விளங்கும்தானே” என்றார். கிடங்கு எங்களுக்கு நல்ல சொல், பள்ளம் என்று பொருள். தமிழ்நாட்டு நண்பர்கள் அதைக் கேட்டால் நெல் மூட்டை அடுக்கிய கட்டடத்தை நினைப்பார்கள். கிணறு கடலின் இரு பக்கமும் கிணறுதான். ஐயாவிடம் துருசுக்கிணறு என்று சொல்லிப் பார்த்தேன், “அது இன்னும் வடிவாயிருக்கு” என்றார்.

சித்த மருத்துவம் படித்த அக்கா துருசு என்றால் மயில்துத்தம் என்று சிரித்திருந்தார். உண்மைதான், ஆனால் பின்னால் கிணறு நிற்கும்போது யாரும் மருந்துக்கடைக்குப் போகமாட்டார்கள். அவ்வளவு உறுத்தினால் தூம்புக்கிணறு என்று எழுதுங்கள், பழைய சொல், பொதுச்சொல், எனக்கு ஆட்சேபணை இல்லை. வன்னிப் பிள்ளைகளுக்கான குரலில் துருசுதான் வரும்.

சிங்களச் சொல்லையே வைக்கக்கூடாதா என்று ஒருவர், வைக்கவே கூடாது என்று இன்னொருவர், பிறகு யார் கட்டினார்கள் என்று பத்துப் பதினைந்து மடல்கள். அந்தப் பக்கம் நான் வரவில்லை. பார்க்கர் சிங்களப் பொறியியலாளர்களுக்கே பெருமையைக் கொடுக்கிறார், படத்திலும் அப்படியே இருக்கும். பிசோகொட்டுவ என்ற பெயரும் ஒரு தடவை வரும். அனுராதபுரத்துக்குச் சுற்றுலா போகிற பிள்ளை அங்கே அந்தப் பெயரைக் கேட்டால், இதுதானே அது என்று தெரிய வேண்டாமா?

வெள்ளிக்கிழமை குரல்பதிவு. அதற்குள் வலுவான மறுப்பு வந்தால் மாற்றுவேன், இல்லையென்றால் இதுதான்.

அப்புறம் அடுத்தது. அலை அரிக்காமல் கட்டின் உட்சரிவில் பதித்த கல் அடுக்குக்குச் சிங்களத்தில் ரலபனாவ. அலைக்கல் என்று எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் குளத்தின் அலைகரையோடு பிள்ளைகள் குழப்பிக்கொள்வார்களோ என்று யோசனை. தயவுசெய்து புது இழையில் எழுதுங்கள், இதிலேயே தொடராதீர்கள்.

அன்புடன்,
துணுக்காயிலிருந்து